'நன்றாக இருக்கிறான்' என்று சொல்லித் தொலைத்த ஐந்து மாதங்கள்

மகனின் சிகிச்சைக்கு அரசாங்கம் எவ்வளவு பணம் தரும் என்று முடிவு செய்யும் அந்த மீளாய்வு அழைப்பு வந்தபோது அவன் சமையலறை மேசையில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருந்தான். 2021 கடைசி மாதங்கள். சிட்னி நீண்ட ஊரடங்கிலிருந்து அப்போதுதான் தலை நீட்டியிருந்தது, கூட்டங்களெல்லாம் தொலைபேசியில்தான். கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் பேசிய பெண் கனிவானவர். "மகன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"நன்றாக இருக்கிறான்" என்றேன்.

நடக்கிறாரா? நடக்கிறான். படியேறுவாரா? ஏறுவான். உடுப்பு? தானே போடுவான்.

இதில் ஒன்றும் பொய்யில்லை. படியேறுவான், இரண்டு கைகளாலும் கைபிடியைப் பற்றிக்கொண்டு, பின்னால் நான் இடுப்பைத் தாங்கியபடி. உடுப்புப் போடுவான், கட்டிலில் படுத்தபடி, இருபது நிமிடத்தில். ஆனால் அந்தப் பின்பாதிகளை நான் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் காது கேட்க, "ஒரு நாளைக்கு நாலு தடவை விழுகிறான், மலசலகூடத்துக்கு ஓடிப் போக முடியாமல் பள்ளிக்கூடத்தில் நனைத்துவிடுகிறான்" என்று எந்தத் தாய் சொல்வாள்? தவிர, நம்மிடையே பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் "பரவாயில்லை, நன்றாக இருக்கிறான்" என்று சொல்லித்தான் பழக்கம். குறை சொன்னால் கண்ணூறு வராது. ஆனால் ஊர்க்கதை வரும்.

ஆறு கிழமை கழித்து அவனுக்கான புதிய திட்டம், அதாவது ஒரு வருடத்துக்கான உதவிக் கணக்கு, வந்தது. இயன்மருத்துவம் (பிசியோதெரபி) உள்ளிட்ட சிகிச்சைகளுக்கான பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மூளை முடக்குவாதம். இரு கால்களிலும் தசை இறுக்கம். கைகளில் அந்த இறுக்கம் குறைவு; பேச்சிலும் படிப்பிலும் ஒரு குறையுமில்லை. ஒன்றரை வயதில் கண்டுபிடித்தார்கள். இதன் அளவைச் சொல்ல வைத்தியர்கள் ஐந்து படிநிலை வைத்திருக்கிறார்கள்; இவன் இரண்டாம் நிலை. அதாவது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பான், ஆனால் தூரம், மேடு, படி, கூட்டம் என்றால் தடுமாறுவான். இந்த இரண்டாம் நிலைக்காரர்களிடம் ஒரு வம்பு இருக்கிறது: பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடந்து வந்து வணக்கம் சொல்லும் பிள்ளைக்கு ஏன் இத்தனை மணித்தியாலம் சிகிச்சை என்று உறவினர்களே கேட்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் இந்தச் செலவைத் தாங்குவது தேசிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டம். எல்லாரும் என்.டி.ஐ.எஸ். என்றுதான் சொல்கிறோம். 2013இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2016 நடுவிலிருந்து நாடு முழுவதும் விரிந்தது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை. குறைபாடு நிரந்தரமானதா, அது அன்றாட வாழ்க்கையை எவ்வளவு மறிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பதில் சொன்னேன். நோயின் பெயருக்கு அங்கே பணம் இல்லை. அந்த நோயால் காலை எட்டு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்குத்தான் பணம்.

ஊரடங்கில் சிகிச்சை நின்றுபோயிருந்ததால் பழைய திட்டத்தில் பணம் மிஞ்சியிருந்தது. மிஞ்சிய பணமும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

முடிவு பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அது எழுதியிருந்தது. நான் வாசித்தேன், ஆனால் கேட்கவில்லை. "அரசாங்கம் சும்மா தருகிறது, அதில் குறை கேட்பதா?" என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. வந்த நாட்டில் வாய் காட்டக் கூடாது என்ற பயம் எங்கள் இருவருக்கும் உண்டு. குடியுரிமை எடுத்து எத்தனையோ வருடமாகியும் அது போகவில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எங்களை விழுத்தியது இந்தக் கணக்குத்தான்.

புதிய திட்டத்தில் சிகிச்சைகளுக்கென்று ஏறத்தாழ 11,640 டொலர் இருந்தது. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போனார். அப்போது இயன்மருத்துவருக்கு என்.டி.ஐ.எஸ். அனுமதித்த உச்சக் கட்டணம் மணித்தியாலத்துக்கு 193.99 டொலர். வகுத்தால் அறுபது மணித்தியாலம். இந்த அறுபதும் இயன்மருத்துவத்துக்கு மட்டுமல்ல. கை வேலை, குளியலறை, எழுத்து என்று பார்க்கும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கும் இதே உண்டியல்தான். அவருக்கு இருபது ஒதுக்கினோம். மிச்சம் நாற்பது.

இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்து போவார். கிழமைக்கு ஒரு மணித்தியாலம். எங்கள் கணக்கில் நாற்பது கிழமை. ஆனால் அவர் பயணம் செய்யும் அரை மணித்தியாலத்துக்கும் அதே விகிதத்தில் கட்டணம் உண்டு. ஆகவே ஒரு வருகை ஒன்றல்ல, ஒன்றரை, 291 டொலர். முதல் இருபது கிழமையில் முப்பது மணித்தியாலம் கரைந்தது. பணத்தைக் கவனிக்கும் திட்ட முகாமையாளர் மாதா மாதம் மின்னஞ்சலில் கணக்கு அனுப்பினார்; நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தபோது பதறி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று குறைத்தோம். நான்கு வருகையோடு அதுவும் முடிந்தது. கையில் நாலு மணித்தியாலம் மிஞ்சியது. "அதைத் தொடாதீர்கள், அடுத்த திட்டத்துக்கான அறிக்கை எழுத எனக்கு நாலு மணித்தியாலம் வேண்டும்" என்றார் இயன்மருத்துவர். அறிக்கைக்கும் அதே கட்டணம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இடையில் ஒருநாள் காலை மகனுக்குக் காய்ச்சல். வர வேண்டாம் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அதற்கும் முழுக் கட்டணம் போனது. அநியாயம் என்று குதித்தேன். சேவை ஒப்பந்தத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது.

ஏழாவது மாதம் முடிய முன்னரே கணக்கு மூடிக்கொண்டது. மீதி ஐந்து மாதத்துக்கும் மேல் ஒன்றுமில்லை.

அந்த ஐந்து மாதத்தில்தான் அவன் மளமளவென்று வளர்ந்தான். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு முன்னே ஓடும். இறுகிய தசை அந்த வேகத்தில் நீளாது. கெண்டைக்கால் இழுக்கும், குதிக்கால் தரையை விட்டு எழும்பும், பிள்ளை முன்காலால் நடக்கத் தொடங்கும். இதை இப்போது தெளிவாக எழுதுகிறேன். அப்போது கண்ணில் பட்டது சப்பாத்துத்தான். பெருவிரல் பக்கம் ஒரு மாதத்தில் ஓட்டை. கால் தாங்கிகள், ஏ.எஃப்.ஓ. என்று சொல்லும் அந்தப் பிளாஸ்டிக் கவசங்கள், சிறுத்துப்போய்க் கணுக்காலில் கொப்புளம் போட்டன. கொப்புளம் நோகிறது என்று அவன் அவற்றைக் கழற்றிப் பள்ளிப் பையில் ஒளித்தான். கழற்றியதால் இன்னும் விழுந்தான்.

நாங்கள் அடுத்த திட்டம் வரும்வரை காத்திருப்பதுதான் முறை என்று நினைத்திருந்தோம். கோயிலில் ஒரு தாய், அவர் பிள்ளை சக்கர நாற்காலியில், என்னைத் திண்ணைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார்: "நிலைமை மாறிவிட்டது என்று இடையிலேயே விண்ணப்பிக்கலாம் அக்கா. ஆனால் வெறும் வாயால் போகாதீர்கள். கொப்பியோடு போங்கள்."

அந்த வார்த்தையை வைத்துத்தான் மறுநாள் ஒரு ரூல் கொப்பி வாங்கினேன். மூன்று கிழமை எழுதினேன். எத்தனை தடவை விழுந்தான், எங்கே, எழும்ப யார் உதவினார்கள். சப்பாத்துப் போட எத்தனை நிமிடம். வாகனத்திலிருந்து வகுப்பறை வரை எத்தனை இடத்தில் நின்றான். இரவில் கால் இழுத்து எத்தனை தடவை கூப்பிட்டான். எழுத எழுத எனக்கே தலை சுற்றியது. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்ததால் நான் அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அந்தக் கொப்பியை இயன்மருத்துவரிடம் கொடுத்தேன். முந்தியவர் வேலை மாறிப் போய்விட்டார். இவர் புதியவர், சின்னப் பெண். (நான்கு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அடுத்தவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி உங்களுக்கும் ஒரு பிரதி தரும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் மூன்று வருகையும் பழைய கதை சொல்வதிலேயே போகும், அதுவும் முழு மணித்தியாலக் கட்டணத்தில்.) பழையவர் எழுதிய அறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தேன். "இனிமையான சிறுவன், சிகிச்சையில் ஆர்வமாகப் பங்கெடுக்கிறான், நல்ல முன்னேற்றம்." பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை மாதிரி. வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பணம் கொடுக்கிறவர் அதை வாசித்தால் இவனுக்கு இனி என்ன தேவை என்றுதான் கேட்பார்.

புதியவர் வேறு மாதிரி எழுதினார். ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடக்கிறான் என்று அளந்தார். கதிரையிலிருந்து எழும்பி மூன்று மீற்றர் போய்த் திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று கடிகாரம் பிடித்தார். கணுக்கால் எத்தனை பாகை மடங்குகிறது, ஒரு வருடத்துக்கு முன் எத்தனை. என் கொப்பியிலிருந்து விழுந்த கணக்கையும் சேர்த்தார். பிறகு, சிகிச்சை கிடைக்காவிட்டால் என்ன ஆகும், கிடைத்தால் பன்னிரண்டு மாதத்தில் அவன் எதைச் செய்ய வேண்டும், அதற்கு எத்தனை மணித்தியாலம், அதில் எவ்வளவைச் சிகிச்சை உதவியாளர் பார்க்கலாம் என்று பிரித்து எழுதினார். நாலு பக்கம். ஒரு இடத்திலும் "இனிமையான சிறுவன்" இல்லை.

குறிக்கோளையும் அவர்தான் திருத்தினார். "நன்றாக நடக்க வேண்டும்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மகனைப் பார்த்து, "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். அவன் யோசிக்காமல் சொன்னான்: மேஸ் ஹில் முருகன் கோயில் தேரன்று அம்மம்மா அவன் இடுப்பைப் பிடிக்காமல் தேருக்குப் பின்னால் நடக்க வேண்டும். அதை அப்படியே எழுதினார். கோயில் என்றால் சிரிப்பார்களோ என்று நான் கூசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில், சமமில்லாத தரையில், வெறுங்காலோடு இத்தனை தூரம் என்று அது அளக்கக்கூடிய குறிக்கோளாகிவிட்டது.

அந்த முறை கூட்டத்தை மகன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வைத்தேன். என் ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். இந்தக் கதை சொல்லப் போதாது. மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், கட்டணம் இல்லை. முதல் தடவை மச்சாளின் மகனைப் பேச வைக்கலாம் என்று நினைத்திருந்தோம், நல்லவேளை செய்யவில்லை. சொந்தக்காரப் பையன் நமக்காக மானம் பார்த்து இன்னும் நாலு "நன்றாக இருக்கிறான்" சேர்ப்பான். கேள்வி வந்தபோது கொப்பியைத் திறந்து வாசித்தேன். பாதியில் அழுதுவிட்டேன். மறுமுனை பொறுத்திருந்தது.

புதிய திட்டத்தில் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் வெட்டியது திரும்பி வந்தது, அதற்கு மேலும் கொஞ்சம். மறுபரிசீலனையிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் இந்தத் தடவை போயிருப்பேன்.

பணம் வந்ததும் முதல் காரியமாக வருகைகளைக் குறைத்தோம்! விசித்திரமாக இருக்கலாம். அந்தச் சின்னப் பெண் முதல் நாள் வீட்டுக்கு வந்து மகனைப் படுக்கவைத்துக் காலை இழுப்பார் என்று எதிர்பார்த்துப் பாய் விரித்து வைத்திருந்தேன். அவர் பாயைப் பார்க்கவில்லை. சமையலறைக்கு வந்தார். "இவன் ஒரு நாளில் எங்கே அதிக நேரம் நிற்கிறான்?" என்று கேட்டார். எங்கும் நிற்பதில்லை, நான் நிற்க விடுவதில்லை என்றேன். மேடையில் ஒரு கட்டு முருங்கையிலை கிடந்தது. ஆப்பு மாதிரிச் சரிந்த ஒரு பலகையைத் தரையில் வைத்தார். குதிக்கால் தாழ, விரல்கள் உயர, அதன் மேல் அவனை நிற்க வைத்தார். "இலையை உருவு" என்றார். அவன் ஒரு கையால் மேடையைப் பிடித்து, மறு கையால் உருவினான். பிறகு இரண்டு கையும் இலைக்குப் போயின. முழங்கால் நடுங்கியது, குதிக்கால் மெல்ல மெல்லப் பலகையில் அமர்ந்தது. பன்னிரண்டு நிமிடம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தான் இழுப்பதைவிட, நாளுக்குக் கால் மணித்தியாலம் அவன் தானாக நின்று எதையாவது செய்வது பெரிது என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரை ஆய்வதும் உள்ளி உரிப்பதும் அவன் வேலை.

அம்மா அப்போது எங்களோடு வந்து நின்றார். இரவில் நல்லெண்ணெய் சூடாக்கிப் பேரன் காலில் உருவிவிடுவார். இதைச் சொன்னால் இயன்மருத்துவர் திட்டுவாரோ என்று மறைத்திருந்தோம். எண்ணெய் மணம் காட்டிக்கொடுத்தது. "வெட்டி இழுக்காமல் மெதுவாகச் செய்யட்டும், பிள்ளை நன்றாகத் தூங்குவான். ஆனால் அது சிகிச்சைக்குப் பதிலில்லை" என்றார். அம்மாவுக்கு அதுவே போதும். தன்னையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னார்.

வருகைகளை மாதத்துக்கு ஒன்றாக்கி, இடைப்பட்ட கிழமைகளில் சிகிச்சை உதவியாளர் வந்தார். அவருடைய கட்டணம் இயன்மருத்துவரின் பாதிக்கும் குறைவு. திட்டத்தை இயன்மருத்துவர் வகுக்க, உதவியாளர் அதைச் செய்விக்கிறார். பள்ளி விடுமுறையில் நாங்களே கிளினிக்குக்குப் போய்ப் பயணக் கட்டணத்தை மிச்சம் பிடித்தோம்.

ஒரு எல்லையையும் தெரிந்துவைத்திருங்கள். அந்த வருடமே கெண்டைக்கால் தசையைத் தளர்த்தப் போடொக்ஸ் ஊசி போட்டு, கிழமைக்கொரு தடவை மாற்றும் மாவுக்கட்டும் போட்டார்கள். அதெல்லாம் வைத்தியசாலை வேலை; இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று எடுக்கும் எக்ஸ்ரேயும் அப்படித்தான். சத்திர சிகிச்சைக்குப் பின் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையை என்.டி.ஐ.எஸ்.ஸிடம் கேட்டால் வைத்தியசாலையைக் கைகாட்டுவார்கள். இருவருக்கும் நடுவில் பந்தாக உருளாமல் இருக்க, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் முன்பே யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு தமிழ்க் குடும்பம். அதே நோய், என் மகனைவிடக் கடுமை. அவர்களிடம் தற்காலிக விசா. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாவிட்டால், நியூசிலாந்துக்காரருக்கான ஒரு சிறப்பு விசாவைத் தவிர, திட்டத்துக்குள் நுழைய முடியாது. மெடிகேர் (அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை இருந்தால் குடும்ப வைத்தியர் மூலம் வருடத்துக்கு ஐந்து வருகைக்கு ஓரளவு பணம் கிடைக்கும்; அதுவும் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஐந்து. அந்தப் பிள்ளைக்கு எங்கள் பழைய பலகையைக் கொடுத்தோம். என் அறுபது மணித்தியாலக் கதையை அந்தத் தாயிடம் புலம்பலாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கணக்கு பிறகும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து இயன்மருத்துவரின் உச்சக் கட்டணம் 183.99 டொலர், பயண நேரத்துக்குப் பாதி விகிதம்தான். எங்களுக்கு லாபம் மாதிரித் தெரியும். ஆனால் வீட்டுக்கு வருபவர்கள் குறைகிறார்கள். எங்கள் இயன்மருத்துவரும் இனித் தூரப் பயணம் கட்டாது என்று சொல்லிவிட்டார். புதிய திட்டங்களில் பணத்தை மொத்தமாகத் தராமல் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்துவிடுகிறார்கள்; மிஞ்சினால் அதே திட்டத்துக்குள் அடுத்த காலாண்டுக்குப் போகும். என்னைப் போல ஏழாம் மாதத்தில் முழித்துக்கொள்பவர்களுக்கு அது நல்லதுதான். விடுமுறையில் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்குத் தொல்லை.

தேருக்குப் பின்னால் நடந்தானா என்று கேட்பீர்கள். முதல் வருடம் பாதி வீதி. இரண்டாம் வருடம் முழு வீதி, ஒரு தடவை என் தோளைப் பிடித்தான்.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. அடுத்த மீளாய்வு வருகிறது. கொப்பியை இந்தத் தடவை தானே எழுதுவேன் என்று பிடுங்கிக்கொண்டான். கூட்டத்திலும் தானே பேசுவானாம். நேற்று இரவு திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: "புதன். மூன்று தடவை விழுந்தேன். ஒன்று சிநேகிதன் தள்ளி விழுந்தது. அது கணக்கில் வராது."